கழுத்தில் தொங்கும் கிரேக்க நாணயம்: அசலா, நகலா? விலையை எப்படிக் கணக்கிடுவது?

ஆன்லைனில் 'பண்டைய கிரேக்க நாணய டாலர்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. தங்க வளையத்துக்குள் ஒரு ஆந்தை, அல்லது சிங்கத் தோல் போர்த்திய ஒரு தலை. பக்கத்தில் 'அசல், கி.மு. 4ஆம் நூற்றாண்டு, சான்றிதழுடன்' என்று ஒரு வரி. விலை ஐயாயிரம் ரூபாயிலும் இருக்கிறது, ஐந்து லட்சத்திலும் இருக்கிறது. ஏதென்ஸுக்கோ சான்டோரினிக்கோ டூர் போய் வந்தவர்கள் வாங்கி வருவதும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைப்பதும் உண்டு.

இதை எடுத்துக்கொண்டு நம்மூர் நகைக்கடைக்குப் போனால் நடப்பது ஒன்றுதான். தராசில் வைப்பார்கள், உரைகல்லில் உரசுவார்கள், 'ஃப்ரேம் இவ்வளவு கிராம் தங்கம், நடுவுல இருக்கிறது வெள்ளி, அதுக்குப் பெரிசா ஒண்ணும் வராது' என்பார்கள். தவறு அவர்களுடையது அல்ல. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு எடைக்கணக்கு. சிக்கல் என்னவென்றால், நடுவில் இருக்கும் அந்த 17 கிராம் வெள்ளி சில நூறு அமெரிக்க டாலர் பெறலாம், பல ஆயிரமும் பெறலாம், ஒன்றுமே இல்லாத நகலாகவும் இருக்கலாம். அதைவிட மோசமாக, வேறொரு நாட்டின் போலீஸ் தேடும் பொருளாகவும் இருக்கலாம்.

நாணயத்தை நகையாக்குவது நமக்குப் புதிதல்ல. காசுமாலை இருக்கிறது. எட்டு கிராமைச் 'சவரன்' என்று சொல்வதே பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயரால்தான். சங்கிலியில் தொங்குவதை 'டாலர்' என்று அழைப்பதும் அதே வழிதான். கிரேக்க, ரோமானிய உலகத்திலும் இது பழைய பழக்கம். பழைய பொன், வெள்ளி நாணயங்களை ரத்தினக் கற்கள் போல அணிவதைப் பற்றி ரோமானியச் சட்ட வல்லுநர் பொம்போனியுஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிடுகிறார். அவர் காலத்திலேயே அவை 'ஆன்டிக்' நகைகள்! 19ஆம் நூற்றாண்டில் ரோம் நகரின் காஸ்தெல்லானி குடும்பம் இந்தப் பாணியை மீண்டும் கொண்டுவந்தது. 1960களில் பல்கரி நிறுவனம் 'மோனெத்தே' என்ற பெயரில் உண்மையான பழங்கால நாணயங்களை வைத்து நகைகள் செய்யத் தொடங்கியது. இன்று கடைகளில் பார்க்கும் நாணய டாலர்களில் பெரும்பாலானவை அந்த ஃபேஷனின் தூரத்து வாரிசுகள்.

முதலில், என்ன நாணயம்?

டாலர்களில் அடிக்கடி தென்படுவது ஏதென்ஸின் ஆந்தை நாணயம். முன்பக்கம் கவசத் தலையணி அணிந்த அதீனா, பின்பக்கம் ஆந்தை, அதன் பின்னே ஒலிவ இலைக் கொத்து, ஒரு சிறு பிறை. வலப்பக்கம் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்று கிரேக்க எழுத்துகள். நான்கு திராக்மா மதிப்புள்ள இதன் பெயர் டெட்ராட்ராக்ம். எடை சுமார் 17.2 கிராம், விட்டம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். லாரியன் சுரங்கங்களின் வெள்ளியைக் கொண்டு கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் இவற்றைக் குவித்துத் தள்ளியது. கிரேக்கத்தின் இன்றைய ஒரு யூரோ நாணயத்தில் இருப்பதும் இதே ஆந்தைதான்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் அதீனாவின் கண். முகம் பக்கவாட்டில் இருந்தாலும், 5ஆம் நூற்றாண்டு நாணயங்களில் கண் மட்டும் நேரே நம்மைப் பார்ப்பது போல பாதாம் வடிவில் இருக்கும். 4ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மாறி, கண்ணும் பக்கவாட்டுக்கு வந்துவிடுகிறது. இன்னொன்று, தலையணியின் உச்சிக் கொண்டை. அசல் நாணயங்களில் பெரும்பாலும் அது முழுதாகப் பதிந்திருக்காது. கையால் சுத்தியல் கொண்டு அடித்த நாணயம் என்பதால் அச்சு ஒரு பக்கம் நழுவியிருக்கும். எல்லாமே நடுவில் கச்சிதமாக, கொண்டை முழுதாக, விலையும் மலிவாக இருந்தால் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது அலெக்சாண்டர் நாணயம். விற்பவர்கள் பெரும்பாலும் 'அலெக்சாண்டரின் உருவம்' என்றே விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் சிங்கத் தோல் போர்த்திய அந்தத் தலை வீரன் ஹெராக்ளிஸுடையது. பின்பக்கம் அரியணையில் அமர்ந்த சூஸ், கையில் கழுகு, பக்கத்தில் 'அலெக்சாண்டருடையது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இந்த வடிவம் அவர் கி.மு. 323இல் இறந்த பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பல நகரங்களில் அச்சாகிக்கொண்டே இருந்தது. ஆகவே 'அலெக்சாண்டர் பெயர் இருக்கிறது, எனவே அலெக்சாண்டர் காலம்' என்பது செல்லாது. சூஸின் கால்கள் இணையாக இருந்தால் முந்தையதாகவும், ஒன்றின் பின் ஒன்றாகக் குறுக்கே வைத்திருந்தால் பிந்தையதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். இது கைக்கணக்குதான், எல்லா அச்சகங்களுக்கும் பொருந்தாது. சூஸுக்கு முன்னாலும் அரியணைக்குக் கீழும் இருக்கும் சின்னச் சின்னக் குறிகள்தான் எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைச் சொல்லும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'பெல்லா' என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் அந்தக் குறிகளை வைத்தே தேடலாம்.

உண்மையில் அலெக்சாண்டரின் முகம், காதருகே ஆட்டுக்கொம்புடன் வருவது அவருடைய தளபதிகளில் ஒருவரான லைசிமாகஸ் வெளியிட்ட நாணயத்தில். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1990 முதல் 2000 வரை கிரேக்க அரசு வெளியிட்ட 100 திராக்மா நாணயத்திலும் கொம்புடன் கூடிய அலெக்சாண்டர்தான் இருக்கிறார். யூரோ வந்ததும் செல்லாக்காசாகிப் போன அது, கொஞ்சம் கறுப்பேற்றி ஃப்ரேம் போட்டால் பார்க்கப் பழையதாகத்தான் தெரியும். 'மகா அலெக்சாண்டர், மாசிடோனியர்களின் மன்னன்' என்று முழுப் பட்டத்தோடு எழுதியிருந்தால், அது உங்கள் அப்பா வயதைக்கூடத் தாண்டாத நாணயம்.

இவை தவிர பறக்கும் குதிரை பெகாசஸ் உள்ள கொரிந்த் நாணயம் (சுமார் 8.6 கிராம்), தேனீ உள்ள எபேசஸ் நாணயம் ஆகியவையும் டாலர்களில் வரும். எபேசஸ் இன்றைய துருக்கியில் இருக்கிறது. 'கிரேக்க நாணயம்' என்றாலே கிரேக்க நாட்டுடையது என்று அர்த்தம் இல்லை. சிசிலி, துருக்கி, கருங்கடல் கரை என எங்கும் கிரேக்க நகரங்கள் இருந்தன. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வி வரும்போது இது முக்கியமாகும்.

ஃப்ரேம்தான் பிரச்சினை

தனி நாணயமாகக் கையில் கிடைத்தால், ஒரு நிபுணர் முதலில் எடை பார்ப்பார். பிறகு விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார். வார்ப்பில் ஊற்றிய போலியாக இருந்தால், இரண்டு பாதிகளும் சேரும் கோடு விளிம்பில்தான் தெரியும். அடித்த நாணயமாக இருந்தால் உலோகம் விரிந்ததால் வந்த சிறு வெடிப்புகளும் அங்கேதான் தெரியும். நகையில் பதித்த நாணயத்தில் இந்த இரண்டையுமே ஃப்ரேம் மறைத்துவிடுகிறது. நினைவுப் பொருளாக விற்கும் நகல்களில் 'காப்பி' என்ற முத்திரையை விளிம்பில் அடித்திருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். போலி விற்பவருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

எடையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா? ஓரளவு முடியும், பள்ளி இயற்பியல்தான். ஃப்ரேம் 18 காரட் தங்கம் (அடர்த்தி சுமார் 15.5), நாணயம் வெள்ளி (சுமார் 10.4) என்று வைத்துக்கொள்வோம். டாலரின் மொத்த எடை 25 கிராம், தண்ணீரில் மூழ்கவிட்டால் 2.16 மில்லிலிட்டர் இடம்பெயர்கிறது என்றால், உள்ளே இருக்கும் நாணயம் சுமார் 17.2 கிராம் என்று வரும். ஆந்தைக்குச் சரியாகப் பொருந்துகிறது! ஆனால் அளவில் 0.02 மில்லி பிழை வந்தாலே நாணயத்தின் எடை அரை கிராமுக்கு மேல் தப்பிவிடும். ஃப்ரேமில் கல் பதித்திருந்தாலோ, உள்ளே கூடாக இருந்தாலோ, ஃப்ரேமும் வெள்ளியாகவே இருந்தாலோ இந்தக் கணக்கு உதவாது. அப்பட்டமான போலியைக் கழிக்க உதவும், அசல் என்று உறுதிசெய்ய உதவாது. அசலுக்குரிய எடையில் போலி செய்வது கஷ்டமே இல்லை.

எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருக்கும் கடைகள் இப்போது நம்மூரிலும் நிறைய. அது மேற்பரப்பில் என்ன உலோகம் என்று சொல்லும். ஆனால் செம்பு உள்ளே, வெள்ளித் தகடு வெளியே என்று செய்த நாணயங்கள் பண்டைய காலத்திலேயே இருந்தன. ஏதென்ஸ் சந்தையில் இந்தத் தொல்லை எவ்வளவு இருந்தது என்றால், கி.மு. 375-374இல் தனிச் சட்டமே போட்டார்கள். நாணயம் சோதிக்கும் அரசு அடிமை ஒருவர் சந்தையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த நாணயத்தை அங்கேயே வெட்டிவிடுவார். நல்ல நாணயம் என்று அவர் சொன்னதை ஏற்க மறுக்கும் வியாபாரியின் சரக்கு அன்றைக்குப் பறிமுதல். அந்தச் சட்டம் பொறித்த கல் 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் கிடைத்தது. இதனால்தான் பல அசல் ஆந்தைகளின் மேல் ஆழமான வெட்டுத் தழும்பு இருக்கிறது. தழும்பு இருந்தால் விலை குறையும். ஆனால் அதுவே போலிக்கான அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது.

போலிகளைப் பொறுத்தவரை, அனுபவசாலிகளே ஏமாந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், தானே அச்சு வெட்டி கிரேக்க நாணயங்களை அடித்தார். புதுப் பளபளப்பு போக, அவற்றை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டி ஊர் சுற்றிவருவாராம். சமீபத்திய உதாரணம் இன்னும் சுவாரஸ்யம். 2012 ஜனவரியில் நியூயார்க் நாணயக் கண்காட்சியில் ஒரு மருத்துவர் கைது செய்யப்பட்டார். அவர் பல ஆண்டுகள் நாணயம் சேகரித்தவர், வியாபாரமும் தெரிந்தவர். சிசிலியில் அண்மையில் தோண்டி எடுத்தவை என்று தெரிந்தே பழங்கால நாணயங்களை விற்க முயன்றார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடக்கும்போது அவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், எல்லாம் போலி! திருட்டுப் பொருள் என்று நம்பி வைத்திருந்ததற்காக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சமூக சேவையோடு, வரலாறு தெரியாத நாணயங்களை வாங்குவதன் ஆபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பதும் தண்டனையில் இருந்தது.

கழற்றலாமா?

எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை இதுதான்: 'ஃப்ரேமைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன?' பெரும்பாலும் இது தவறான யோசனை. கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் மட்டும் இருந்தால் ஒரு நல்ல பத்தர் சேதமில்லாமல் எடுத்துவிடுவார். விளிம்பு முழுக்க மடித்து இறுக்கியிருந்தால் கழற்றும்போது கீறல் விழும். பற்றவைத்திருந்தால், சேதம் ஏற்கனவே நடந்துவிட்டது. அந்தச் சூட்டில் பழைய வெள்ளியின் மேற்பரப்பு மாறிவிடும், பற்றவைத்த தழும்பை என்ன தேய்த்தாலும் போக்க முடியாது. அதற்குமேல், மாட்டுவதற்கு முன்பே பலர் மெருகு போட்டிருப்பார்கள். இரண்டாயிரத்து நானூறு வருடப் படிவை ஐந்து நிமிடத்தில் தேய்த்து எடுத்த பளபளப்பு அது. ஏல அட்டவணைகளில் இப்படிப்பட்டவற்றுக்கு 'முன்பு நகையில் இருந்தது' என்று ஒரு குறிப்பு போடுவார்கள். அந்த ஒரு வரியால் விலை பாதியாகலாம், ஓட்டை போட்டிருந்தால் அதற்கும் கீழே போகலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஃப்ரேம் காஸ்தெல்லானி காலத்ததாகவோ, பல்கரியின் அறுபதுகள், எழுபதுகளின் வேலையாகவோ இருந்தால், கழற்றுவது என்பது பணத்தைக் கிழித்துப் போடுவது மாதிரி. பல்கரி நகைகளில் நாணயத்தின் ஊர், காலம் ஆகியவற்றை ஃப்ரேமிலேயே பொறித்திருப்பார்கள். அந்தப் பொறிப்பும் நிறுவன முத்திரையும்தான் விலை. ரோமானியர் காலத்திலேயே கட்டிய மோதிரமாகவோ டாலராகவோ இருந்துவிட்டால், ஃப்ரேமே தொல்பொருள்.

அப்போ மதிப்பு எவ்வளவு?

உலோக விலை, நாணய விலை, நகை விலை என்று மூன்று விலைகள் இதில் இருக்கின்றன. மூன்றையும் கூட்டினால் விடை வரும் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். சாதாரண அலெக்சாண்டர் டெட்ராட்ராக்ம் தனியாக, ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் சர்வதேச ஏலங்களில் சில நூறு அமெரிக்க டாலருக்குக் கிடைக்கும். ஆந்தை சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை போகும். அண்மை ஆண்டுகளில் ஆந்தைகள் பெருங்குவியலாகச் சந்தைக்கு வந்ததால் சாதாரணமானவற்றின் விலை இறங்கவும் செய்திருக்கிறது. அதே அலெக்சாண்டரைப் பல்கரி நெக்லஸில் வைத்தால் பல ஆயிரம் டாலர். ஆனால் அங்கே வாங்குபவர் நாணயத்துக்காக வாங்கவில்லை. பெயர் தெரியாத ஒரு கடையின் தங்க ஃப்ரேமில் இருந்தால், ஃப்ரேமின் தங்கத்துக்கு எடை விலை, நாணயத்துக்குக் கழிவு போக ஒரு விலை, அவ்வளவுதான். செய்கூலி, சேதாரம் திரும்பி வராது என்பது நமக்குத் தெரிந்த கதைதானே.

மேல் எல்லை எங்கே? கருங்கடல் கரையின் பாண்டிகபையம் நகரத்துத் தங்க நாணயம் ஒன்று 2023இல் ஜூரிக் ஏலத்தில் சுமார் 60 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. நகையாக அணிந்த நாணயத்துக்கு இனி விலையே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ், அந்தக் கொலையைக் கொண்டாடி வெளியிட்ட தங்க நாணயங்களில் ஒன்றில் ஓட்டை இருக்கிறது. யாரோ அந்தக் காலத்திலேயே கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு இருந்த அது, 2022இல் பத்து லட்சம் சுவிஸ் ஃப்ராங்கைத் தாண்டி விற்றது. இதெல்லாம் விதிவிலக்கு. உங்கள் கையில் இருப்பதை இதனோடு ஒப்பிட்டுக் கனவு காண வேண்டாம்.

காகிதம் இல்லாவிட்டால்?

அதே புரூட்டஸ் நாணயத்தின் இன்னொரு பிரதி, ஓட்டை இல்லாதது, 2020இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. இரண்டே ஆண்டுகளில் கதை மாறியது. அதன் முந்தைய உரிமையாளர்கள் பற்றிய வரலாறு ஜோடிக்கப்பட்டது என்று நியூயார்க் மன்ஹாட்டன் அரசு வழக்குரைஞர் அலுவலகம் குற்றம்சாட்டியது. ஏல நிறுவனத்தின் உரிமையாளர் கைதானார். 2023 மார்ச்சில் நாணயம் கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ரோமானிய நாணயம்தான், ஆனால் கிரேக்க மண்ணிலிருந்து கொள்ளை போனது என்பதால் உரிமை கிரேக்கத்துக்கு.

கிரேக்கத்தின் 3028/2002 சட்டமும் அதைத் தொகுத்த 2021ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் கறாரானவை. மண்ணில் கிடைக்கும் பழம்பொருளை ஒப்படைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடற்கரையில் கண்டெடுத்த நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனால் அது கடத்தல். அமெரிக்கா 2011 டிசம்பர் முதல் கிரேக்க நாணயங்களில் பல வகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருக்கிறது.

நாணயம் இந்தியாவுக்குள் வந்துவிட்டால் இன்னொரு முடிச்சு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. 'லண்டனில் நல்ல விலை வரும், கூரியரில் அனுப்பிடலாம்' என்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். நம் மண்ணிலேயே கிரேக்க நாணயம் கிடைத்தால்? இது கற்பனைக் கேள்வி அல்ல. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த செலூசிட் உள்ளிட்ட கிரேக்க உலக நாணயங்களைப் பற்றி நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். புதையலாகக் கிடைப்பதை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே போதும். அந்த வரம்பை இன்னும் யாரும் மாற்றவில்லை.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது 'சான்றிதழ் இருக்கா?' என்பதல்ல. விற்பவரே அச்சடித்த சான்றிதழ், விற்பவரே சொன்ன வார்த்தைக்குச் சமம். பழைய ஏல அட்டவணையில் இதே நாணயத்தின் படம், ஏற்றுமதி அனுமதி, தேதியுள்ள ரசீது ஆகியவை இருக்கிறதா என்று கேளுங்கள். கையால் அடித்ததால் ஒவ்வொரு நாணயத்தின் விளிம்பும் தனி வடிவம், கைரேகை மாதிரி. 1960ஆம் ஆண்டு அட்டவணைப் படத்தோடு இன்றும் ஒப்பிட்டுவிடலாம். ஃப்ரேம் அதை மூடியிருந்தால், முடியாது.

ஏற்கனவே கையில் இருந்தால், முதலில் செய்யக் கூடாதது சுத்தம் செய்வது. புளி, பல்பொடி, வெள்ளி டிப் எதுவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், பக்கவாட்டிலும், ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமின் பின்னால் உள்ள முத்திரைகளைத் தனியாகப் படம் எடுங்கள். அருங்காட்சியக நாணயவியலாளர்கள் பலர் இன்னதென்று அடையாளம் சொல்வார்கள், விலை சொல்ல மாட்டார்கள். பெரிய நாணய ஏல நிறுவனங்கள் படத்தைப் பார்த்துத் தோராய விலை சொல்லும், பெரும்பாலும் இலவசமாகவே. ஆனால் ஃப்ரேமில் பிரபல நிறுவன முத்திரை இருந்தால் நாணய ஏலத்துக்குப் பதில் நகை ஏலத்தில் கேட்பது நல்லது. அங்கே அதே பொருளைப் பார்க்கும் கண் வேறு, விலையும் வேறு.